சொன்னது யாருங்க?

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன். இங்கிலீஷ் பேப்பர்ல அடிக்கடி பாக்கற மாதிரி ஒரு வாக்கியம், "ஹீ இஸ் செட் டு ஹாவ் டேக்கன் த மணி". பணத்த அவர் எடுத்ததா சொல்லப்படுதாம். எடுத்தவர் இருக்கார், பணம் இருக்கு, சொன்ன ஆள மட்டும் காணோம்.

ஸ்கூல்ல ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ்னு கணக்கு மாதிரி மாத்தி மாத்தி எழுத வெச்சாங்கல்ல, இத அப்படி திருப்பிப் பாருங்க, திரும்பாது. "தே ஸே ஹிம் டு ஹாவ் டேக்கன்"னு இங்கிலீஷ்காரங்க யாரும் பேச மாட்டாங்க. "பிலீவ்" போட்டா திரும்பும், "ஸே" போட்டா திரும்பாது. "ரூமர்ட்" (வதந்தியா பேசப்படுது) அதுக்கும் மேல, அந்த வினைச்சொல் இன்னிக்கு அனேகமா பேசிவ்ல மட்டும்தான் உயிரோட இருக்கு, "நேத்து நான் ரூமர் பண்ணேன்"னு இங்கிலீஷ்ல ஒருத்தரும் சொல்றதில்ல, அதாவது வதந்திய கிளப்பினவன் எழுவாயா வந்து நிக்கறதுக்கு இலக்கணத்துலயே எடம் கெடயாது. எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச எடம் இதுதான்!

அதுக்காக எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டிடாதீங்க. "அலெஜ்ட்"னா குற்றச்சாட்டு இருக்கு, நிரூபணம் ஆகல. "ரிப்போர்ட்டட்லி"ன்னா பெரும்பாலும் வேற எவனோ எழுதிட்டான், நாங்க செக் பண்ணல. ஆனா பிரிட்டன் பேப்பர்ல "இட் இஸ் அண்டர்ஸ்டுட்"னு வந்தா கொஞ்சம் நிமிந்து உக்காருங்க, விவரம் தெரிஞ்ச யாரோ ஒருத்தர் ரிப்போர்ட்டர் காதுல போட்டுட்டு என் பேர மட்டும் போடாதப்பான்னு சொல்லியிருக்கார்னு அனேகமா அர்த்தம். பேர் வெளிய வந்தா வேலை போயிடும்ங்கற ஆளுங்க இருக்காங்க, அவங்கள மறைக்கறது நியாயம்தான். யாருமே சொல்லாத ஒண்ண எல்லாரும் சொல்ற மாதிரி எழுதறதுதான் பிரச்சினை, வெளியேந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும்ங்கறது அதவிட பெரிய பிரச்சினை.

சரி, இப்படி எழுதிட்டா கேஸ்லேந்து தப்பிக்கலாமா? முடியாது. 1960-கள்ல பிரிட்டன்ல லூயிஸ் எதிர் டெய்லி டெலிகிராஃப்னு ஒரு அவதூறு வழக்கு, அப்போ அங்க கடைசி கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போச்சு. "என்கிட்ட சொன்னாங்க", "வதந்தி இருக்கு"ன்னு முன்னாடி ஒட்டிக்கிட்டு பொறுப்புலேந்து நழுவ முடியாதுன்னு நீதிபதி லார்ட் டெவ்லின் அதுல சொல்லிட்டார். அதே தீர்ப்புலதான், ஒரு கம்பெனிய போலீஸ் விசாரிக்குதுன்னு எழுதினா அவங்க மோசடி பண்ணிட்டாங்கன்னு ஆயிடாதுன்னும் சொன்னாங்க. படிக்கற சாதாரண மனுஷன் என்ன புரிஞ்சுப்பான்ங்கறதுதான் கோர்ட்டுக்கு கேள்வி. இங்கிலீஷ் விக்கிபீடியால இன்னும் சிம்பிள், யாராவது இப்படி எழுதினா இன்னொருத்தர் வந்து பக்கத்துல "பை ஹூம்?" (யாரால?)னு குட்டியா ஒரு குறி போட்டுட்டுப் போயிடுவார், அந்த வேலை செய்யறவங்க மேல எனக்கு தனி மரியாதை.

அப்போ ஆள் பேர போட்டுட்டா சரியாயிடுமா? அதுவும் இல்ல. 2003 ஜனவரி 28, அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் அமெரிக்க காங்கிரஸ்ல பேசறார், இராக் அதிபர் சதாம் உசேன் ஆப்பிரிக்காலேந்து யுரேனியம் (அணுகுண்டு செய்யற சரக்கு) வாங்கப் பாத்தார்னு. யார் சொன்னதுன்னு பேரும் சொல்றார், பிரிட்டிஷ் கவர்ன்மென்ட். ஆனா போட்ட வினைச்சொல் "ஹாஸ் லேர்ண்ட்". "அலெஜஸ்"னு போட்டிருந்தா அது பிரிட்டனோட கருத்து, அவ்ளோதான். "லேர்ண்ட்"னு போட்டா விஷயம் உண்மை, பிரிட்டனுக்கு இப்ப தெரிஞ்சிருக்குன்னு ஆயிடுது, கேக்கறவன் சந்தேகப்படவே வாய்ப்பில்ல. பேசிவும் இல்ல, ஒளிஞ்ச ஆளும் இல்ல, ஆனா சரிபாக்காத சேதி உண்மையா உள்ள வந்து உக்காந்துடுச்சு. மார்ச்ல இராக் போர் ஆரம்பிச்சாச்சு. அந்த வரி அந்தப் பேச்சுல வந்திருக்கவே கூடாதுன்னு வெள்ளை மாளிகை ஒத்துக்கிட்டது ஜூலைல.