மாரிக்கும் கச்சானுக்கும் நடுவில ஒரு தக்காளி

வணக்கம் எல்லாருக்கும். கடல் காத்து இரையுது, அதால மைக்க வாய்க்குக் கிட்டப் பிடிச்சிட்டுக் கதைக்கிறன். மட்டக்களப்புக்குக் கிட்ட, ஆரையம்பதியில எங்கட வளவுக்குள்ளதான் நிக்கிறன்.

இந்தா, இதுதான் ஆள். கோழி முட்டையை விடக் கொஞ்சம் சின்னன். பேர் ஸ்டுபிட்சே, செக் நாட்டுப் பழைய இனம். அம்மா ‘ஸ்டுபிட் தக்காளி’ எண்டுதான் சொல்றா. இலையைக் காட்டுறன், பாருங்க. நம்மட தக்காளி மாதிரி ஓரத்தில பல்லுப் பல்லா இல்ல, உருளைக்கிழங்கு இலை மாதிரி மழுங்கலா இரிக்கு. நட்ட புதுசில அம்மா கிழங்கு விழும் எண்டு பாத்துக்கொண்டிருந்தவ.

குளிர் நாட்டுச் சாமான் இஞ்ச எதுக்கு? அங்க பனி விழ முதல் பழுக்கோணும். நமக்கு முன்னால மாரி மழை, பின்னால கச்சான் எண்ட சுடுகாத்து. நடுவில கிடைக்கிற ரெண்டு மூணு மாசத்துக்குள்ள காய்க்கிற இனம்தான் எனக்கு வேணும்.

ரெண்டு தரம் தோத்திட்டன். முதல்ல நவம்பர்ல நட்டன், மழையில அடியோட அழுகிச்சு. மறுகா ஏப்ரல் கடைசியில நட்டன். கண்டு சோக்கா வளந்து பூத்திச்சு, பூவெல்லாம் காம்போட உதிர்ந்திச்சு. பகல் 32 பாகைக்கு மேல போய், ராவும் 24 பாகைக்குக் கீழ இறங்காட்டித் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்கிறது கஷ்டம். கச்சான் அடிக்கக்குள்ள நமக்கே நித்திரை இல்ல, பூ என்ன செய்யும்?

இன்னொரு பிழையும் விட்டன். இந்த இனத்துக்கு 55, 60 நாள்ல பழம் எண்டு சொல்றது நாத்தைப் புடுங்கி நடுற நாள்ல இருந்து. நான் வித்துப் போட்ட நாள்ல இருந்து எண்ணிட்டுப் போய்ப் பாத்தா, பூ மட்டும்தான்! நாத்துக்கு அஞ்சாறு கிழமை தனி. இந்த முறை டிசம்பர் கடைசியில விறாந்தையில யோகட் கப்புக்குள்ள வித்துப் போட்டு, பெப்ரவரி முதல் கிழமை நட்டன். ஏப்ரல் தொடங்கக்குள்ள முதல் பழம்.

மண் வெறும் மணல், தண்ணி நிக்காது. குழிக்கு அடியில ஊறின தேங்காய்ப் பொச்சு, மேல மக்கின மாட்டெரு. ஒரு நாள் ஊத்தி ரெண்டு நாள் விட்டா, காயின்ட அடி கறுத்துப் போகும். அது பூச்சியும் இல்ல, நோயும் இல்ல. தண்ணி ஒழுங்கில்லாட்டி கல்சியம் காய்க்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான். மருந்தடிச்சுக் காசைக் கரைக்காதீங்க. கொடி மாதிரி ஏறும், கம்பு நட்டுக் கட்டுங்க. காலையில பூக்கொத்தை விரலால இப்பிடி... மெல்லமாச் சுண்டி விடுங்க. மஞ்சளா மகரந்தத் தூள் பறக்குது, தெரியுதா?

இந்தப் பழம் மட்டும் வித்துக்கு. ஹைபிரிட் எண்ட கலப்பினம் இல்லாததால, வித்தெடுத்துப் போட்டாலும் இதே பழம்தான். எனக்கும் கல்லடியில ஒருத்தர் இப்பிடி எடுத்து வச்சுத்தான் தந்தவர். கிளாசுக்குள்ள பிழிஞ்சு, கொஞ்சம் தண்ணி விட்டு, ரெண்டு மூணு நாள் புளிக்க விடோணும். மேல ஆடை படியும், நாறும், பயப்படாதீங்க. கழுவி நிழல்ல காய வச்சாச் சரி.

மத்தப் பழமெல்லாம் எங்க எண்டு கேக்காதீங்க. மீன் சொதிக்குள்ள. ‘ஸ்டுபிட்’ எண்டு சொல்லிச் சொல்லியே பறிச்சிட்டா.