வீனஸின் மெட்டில் ஒரு துதிப்பாட்டு

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அவர்களே, டீ வரும்வரை எழுந்து போவதில்லை என்ற உறுதியோடு அமர்ந்திருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

"18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதைத் திரட்டுகளில் வேதப் பாட்டையும் காதல் பாட்டையும் ஒரே அட்டைக்குள் கட்டியது பக்திக்கு இழுக்கா, பாட்டுக்குச் சிறப்பா?" இதுதான் தலைப்பு. இழுக்கு என்று அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். நன்றாகவே பேசினார். குரல் நன்றாக இருந்தது, மேற்கோள் நன்றாக இருந்தது, வழக்குதான் சொத்தை. மூன்று பேரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். பதிப்பாளர் ஜேக்கப் டான்சன் காசுக்காகக் கண்டதையும் சேர்த்துக் கட்டினார் என்றார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய மதபோதகர் ஜான் வெஸ்லி அந்தக் கலப்படத்திலிருந்து புனிதத்தைப் பிரித்தெடுத்துக் காப்பாற்றினார் என்றார். கடைசியில் இலக்கிய விமர்சகர் டாக்டர் சாமுவேல் ஜான்சனைக் கூப்பிட்டு, "கடவுளுக்கும் ஆன்மாவுக்கும் நடக்கும் உறவாடல் கவிதை ஆகாது" என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டதாகச் சொல்லி முடித்தார்.

இந்த இடத்தில் நான் ஆண்டாளை மேடைக்கு அழைத்தால் கைதட்டல் நிச்சயம். நடுவர்கூடத் தலையாட்டுவார். ஆனால் அழைக்கப் போவதில்லை. லண்டன் வழக்குக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் சாட்சி செல்லாது. எதிரணி கூட்டிவந்த அதே மூன்று பேர் எனக்குப் போதும்.

முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடுவோம். அந்தக் காலத்து லண்டனில் இளங்கவிஞர் ஒருவருக்கு எளிதில் திறக்கும் கதவு, பலருடைய பாட்டுகளைச் சேர்த்துப் பதிப்பாளர் போடும் திரட்டுதான். பெருங்கவிஞர் அலெக்சாண்டர் போப்பே 1709ல் டான்சனின் ஆறாவது திரட்டு வழியாகத்தான் அச்சுக்குள் நுழைந்தார். நூற்றாண்டு முழுக்கச் சேர்த்தால் இப்படிப்பட்ட திரட்டுகள் ஆயிரத்தைத் தாண்டும். உள்ளே எல்லாம் இருக்கும்: ரோமானியக் கவிஞர் ஓவிடின் மொழிபெயர்ப்பு, இரங்கற்பா, குடிப்பாட்டு, குளோயி என்றும் ஃபிலிஸ் என்றும் பெயர் சூட்டிய இடைச்சிகளைப் பார்த்து உருகும் காதல் பாட்டு. கூடவே பைபிளின் சங்கீதத்திலோ யோபுவிலோ, காதல் பாட்டாகவே அமைந்த உன்னதப்பாட்டிலோ ஒரு பகுதியை எடுத்துச் செய்யுளாக விரித்த வேதப் பொழிப்பு.

புத்தகத்தில் மட்டுமா? அடிசனும் ஸ்டீலும் நடத்திய ஸ்பெக்டேட்டர் தாளைப் பாருங்கள். 1711 நவம்பரில் பழங்காலக் கிரேக்கப் பெண்கவி சாஃபோவின் காதல் பாட்டு அதில் ஆங்கிலத்தில் வருகிறது. உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தேவர்களுக்குச் சமம், உன்னைப் பார்த்ததும் எனக்கு நா எழவில்லை, உடம்பெல்லாம் நடுங்குகிறது என்று போகும் பாட்டு. 1712 ஜூலையில் அதே தாளில் 23ஆம் சங்கீதத்தின் பொழிப்பு. சாஃபோவை ரசித்து அறிமுகம் செய்தவரும் அடிசன், சங்கீதத்தைப் பாடியவரும் அடிசன். காபிக்கடையில் அதைப் படித்த யாரும் கோப்பையைப் போட்டு உடைத்ததாகச் செய்தி இல்லை.

சரி, டான்சனுக்கு வருவோம். காசுக்காரர் என்றார்கள். உண்மை. நானே இன்னும் கொஞ்சம் ஆதாரம் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். 1693ல் வந்த மூன்றாவது திரட்டுக்காக ஜான் டிரைடன் ஓவிடை மொழிபெயர்த்துக் கொடுத்தார். டான்சன் உட்கார்ந்து வரி எண்ணினார். 40 கினிப் பொற்காசுக்கு 1518 வரி எதிர்பார்த்தேன், 50 கினி கொடுத்தும் 1446 வரிதான் வந்திருக்கிறது என்று டிரைடனுக்கே கடிதம் எழுதினார். தம் காலத்துப் பெருங்கவிஞரிடம் 72 வரி பாக்கி கேட்ட மனிதர்!

இப்போது அந்த மூன்றாவது திரட்டைத் திறப்போம். 1693 எப்படி 18ஆம் நூற்றாண்டாகும் என்று எதிரணியில் ஒரு விரல் உயர்கிறது. பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிகாட்டியது இந்த வரிசைதான், விரலை இறக்குங்கள். அதில் டிரைடனின் ஒரு பாட்டு. அமிண்டாஸ் என்ற இளைஞன் புல்வெளியில் விழுந்து அழுகிறான். குளோயி வந்து பார்க்கிறாள். "நான் சாவதற்குள் ஒரே ஒரு முத்தம் கொடு, என் வலி தீரட்டும்" என்கிறான். இந்த வரியே பல்லவிபோலச் சுற்றிச் சுற்றி வருகிறது. கிடைத்ததா என்று பின்வரிசை இளைஞர்கள் கேட்பது காதில் விழுகிறது. கிடைத்தது. அதே திரட்டில் அதே டிரைடனின் இன்னொரு பாட்டு, பரிசுத்த ஆவியை அழைக்கும் பழைய லத்தீன் துதியின் பொழிப்பு: "உலகின் அடித்தளம் உன் துணையால் இடப்பட்டது, பக்தியுள்ள ஒவ்வொரு மனத்துக்குள்ளும் வா, மனித குலத்தின்மேல் உன் மகிழ்ச்சியைப் பொழி."

யோசித்துப் பாருங்கள். 72 வரிக்குக் கணக்குப் பார்த்தவர், வாங்குவோர் கேட்காத ஒரு துதிப்பாட்டுக்குத் தாளும் மையும் செலவழிப்பாரா? முத்தத்துக்குக் காசு கொடுத்தவர்தான் துதிக்கும் காசு கொடுத்தார் என்பது டான்சனுக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய கஞ்சத்தனம் எங்கள் அணிக்குச் சாட்சி, ஐயா. டிரைடனும் பக்கம் நிரப்பத் துதி எழுதவில்லை. கத்தோலிக்கராக மாறி, அதிலிருந்து பின்வாங்காமல், கத்தோலிக்க அரசர் பதவியிழந்த 1688 புரட்சிக்குப் பிறகு அரசவைக் கவிஞர் பதவியையே இழந்தவர். பக்திக்கு அவர் கொடுத்த விலை பெரிது. அப்படிப்பட்டவருக்கே அமிண்டாஸ் பக்கத்தில் தம் துதி இருப்பது இழுக்காகப் படவில்லை. நமக்கு மட்டும் ஏன் வலிக்கிறது?

அடுத்தவர் வெஸ்லி. 1744ல் ஒழுக்கக் கவிதைகளும் புனிதக் கவிதைகளுமாக மூன்று தொகுதித் திரட்டு ஒன்றைப் போட்டார். பிரித்தெடுத்தார் என்பது சரி. யாருடைய சரக்கைப் பிரித்தார்? எட்வர்ட் யங்கின் 'இரவுச் சிந்தனைகள்', எலிசபெத் ரோவின் கவிதைகள் எல்லாம் ராபர்ட் டாட்ஸ்லி என்ற பதிப்பாளரின் உரிமையில் இருந்தவை. வெஸ்லி கேட்காமலே அச்சிட்டுவிட்டார். டாட்ஸ்லி விடுவாரா? 50 பவுண்டு கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் விஷயம் முடிந்தது. அந்த டாட்ஸ்லிதான் 1748ல் பலர் கவிதைகளையும் கலந்து கட்டி, அந்த நூற்றாண்டிலேயே பெரும்பெயர் பெற்ற திரட்டைப் போட்டவர். புனிதத்துக்குத் தனி அலமாரி செய்யப் போனவர் பலகை எடுத்தது கலப்புக் கடையில்!

அவர் தம்பி சார்லஸ் வெஸ்லி இன்னும் ஒரு படி மேலே போனார். 1691ல் டிரைடன் எழுத, ஹென்றி பர்செல் இசையமைத்து, 'ஆர்தர் அரசன்' என்ற இசை நாடகம் லண்டன் மேடையேறியது. அதில் வீனஸ் பாடுகிறாள். காதல் தேவதை வீனஸேதான், வேறு யாருமில்லை. தீவுகளிலெல்லாம் அழகிய தீவே, இன்பத்தின் இருப்பிடமே, வீனஸ் தன் சைப்ரஸ் சோலைகளை விட்டுவிட்டு இங்கே குடியேறுவாள் என்று பிரிட்டனைப் பாடுகிறாள். 1747ல் சார்லஸ் வெஸ்லி பாடுகிறார்: அன்புகளையெல்லாம் விஞ்சிய தெய்வ அன்பே, மண்ணுக்கு இறங்கி வா, எங்களுக்குள் குடியேறு. முதல் வரியின் அமைப்பு அப்படியே, இயைபும் அப்படியே. பர்செலின் மெட்டிலேயே மெதடிஸ்டுகள் அதைப் பாடவும் செய்தார்கள். ஆங்கிலம் பேசும் தேவாலயங்களில் இன்றுவரை ஒலிக்கும் அந்தத் துதியின் தாய்வீடு வீனஸின் வீடு. எதிரணியின் அளவுகோலை வைத்தால் முதலில் அதைத்தான் நீக்க வேண்டும். நீக்குகிறீர்களா?

மூன்றாமவர் ஜான்சன். பெரிய மனிதர், அவசரப்படாமல் விசாரிப்போம். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் பக்திப் பாட்டைப் பற்றி அவர் சொன்ன மற்றதை எதிரணித் தலைவர் நைசாக விட்டுவிட்டார். ஐசக் வாட்ஸின் பக்திப் பாடல்களைப் பற்றி ஜான்சன் எழுதியதைப் பாருங்கள். பாடுபொருள் கொஞ்சம், அதனால் சொன்னதையே சொல்ல வேண்டியிருக்கிறது. பொருள் புனிதம், அதனால் அணி அலங்காரம் சேர்க்க முடியவில்லை. யாரும் நன்றாகச் செய்யாததை மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார், வாட்ஸுக்கு அது போதும் என்று முடிக்கிறார். என்ன பாராட்டு! காதல் பாட்டு பக்கத்தில் இருந்ததால் பக்தி கெட்டது என்று இதில் எங்கேயாவது வருகிறதா? பக்திப் பாட்டைத் தனியே படித்து அலுத்துப் போனவரின் புகார் இது. நாங்கள் சொல்வதும் அதைத்தானே?

அதோடு விடவில்லை. 1779 முதல் 1781 வரை ஜான்சனின் முன்னுரைகளோடு லண்டன் பதிப்பாளர்கள் ஆங்கிலக் கவிஞர் 52 பேரின் படைப்புகளை வெளியிட்டார்கள். வாட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. அவரைச் சேர்க்கச் சொன்னவர் ஜான்சன். படித்து மகிழ்ந்தாலும் அலுத்தாலும் பழி என்னுடையது என்று வெளிப்படையாக எழுதியும் வைத்தார். அதே வரிசையில் யார் இருக்கிறார்? ரோச்செஸ்டர் பிரபு. இரண்டாம் சார்லஸ் அரசவையின் பெருங்குறும்பர், சபையில் அவர் வரிகளில் பாதியை வாசிக்க முடியாது. கத்தரி போட்டுத்தான் சேர்த்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனாலும் சேர்த்தார்கள். வாட்ஸும் ரோச்செஸ்டரும் ஒரே வரிசையில் நிற்பதற்குக் கையெழுத்துப் போட்டவரைக் கூட்டிவந்து எங்களுக்கு எதிராகப் பேசவைக்கிறீர்களே, நியாயமா?

இதில் ஒரு வேடிக்கை. எதிரணியின் சாட்சிகளில் வெஸ்லியும் ஜான்சனும் தங்களுக்குள் சண்டை போட்டிருக்கிறார்கள். மேத்யூ பிரையர் என்று ஒரு கவிஞர். 1718ல் வந்த அவருடைய பெரிய ஃபோலியோ நூலில் பைபிளில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரப் பொழிப்பும் இருக்கிறது, குளோயிக்குப் பாடிய காதல் பாட்டுகளும் இருக்கின்றன. அதில் 'ஹென்றியும் எம்மாவும்' என்ற நீண்ட காதல் கதைப்பாட்டை ஜான்சன் சோர்வூட்டும் உரையாடல் என்று தள்ளிவிட்டார். வெஸ்லிக்கு அது மிகவும் பிடித்த பாட்டு. தாம் நடத்திய ஆர்மீனியன் மேகசின் என்ற மத மாத இதழில் அதை வெளியிட்டவர் அவர். ஜான்சன் பிரையரைத் தாக்கியதும் பொறுக்காமல் 1782ல் பிரையருக்காகவே ஒரு கட்டுரை எழுதினார். அதாவது காதல் பாட்டுக்கு வக்காலத்து வாங்கியவர் மதபோதகர்! சரி, ஜான்சனாவது பிரையரை ஆபாசம் என்றாரா? இல்லை. எந்தப் பெண்மணியும் தன் நூலகத்தில் பிரையர் இருப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்று ஜான்சன் சொன்னதை, அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் குறித்து வைத்திருக்கிறார்.

பெண்கள் என்றதும் 1755ல் வந்த ஒரு திரட்டு ஞாபகம் வருகிறது. கோல்மனும் தார்ன்டனும் 18 பெண் கவிஞர்களை இரண்டு தொகுதிகளில் சேர்த்தார்கள், பெயரின் அகரவரிசைப்படி. முதல் தொகுதியில் ஆஃப்ரா பென். காமத்தைக் கூசாமல் பாடியவர். இரண்டாவதில் எலிசபெத் ரோ. நாடே போற்றிய பக்தை. இருவரையும் ஒரே அலமாரியில் வைக்க முடிந்திருக்கிறது.

இந்த எலிசபெத் ரோவிடம்தான் நான் வந்து சேர நினைத்தேன். மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது, நடுவர் அவர்களே. 1710ல் தாமஸ் ரோ என்ற இளம் அறிஞரை மணந்தார், 1715ல் காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அதன்பின் ஃப்ரோம் என்ற சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்து, ஜெபமும் எழுத்துமாகக் காலத்தைக் கழித்து 1737ல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற தியான நூலை ஐசக் வாட்ஸ் பதிப்பித்தார். முன்னுரையில் கொஞ்சம் நெளிகிறார். இரட்சகர்மேல் உள்ள அன்பை உன்னதப்பாட்டின் பாணியில் பாடுவது முன்பு வழக்கமாக இருந்தது, இளவயதில் நானும் எச்சரிக்கையில்லாமல் அந்த வழியில் போனதுண்டு என்கிறார். எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதை எடுத்துக்கொண்டு வருவார், எனக்குத் தெரியும். வாருங்கள். நெளிந்தவர் நூலை நிறுத்தி வைத்தாரா? தம் பெயரோடு அச்சுக்கு அனுப்பினார்.

இப்போது ஒரு சின்னப் புத்தகம். 1720ல் லின்டாட் என்ற பதிப்பாளர் வெளியிட்ட போப்பின் 'எலோய்சா அபெலார்டுக்கு', இரண்டாம் பதிப்பு. எலோய்சா கன்னிமடத்தில் இருக்கிறாள், பிரிந்த காதலனை மறக்க முடியவில்லை. ஒவ்வொரு துதிப்பாட்டிலும் உன் குரலே கேட்கிறது, ஜெபமாலையில் உருட்டும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கண்ணீர்த் துளி விழுகிறது என்கிறாள். அந்தக் கவிதையோடு போப் வேறு சிலருடைய பாட்டுகளையும் சேர்த்துக் கட்டினார். அதில் ஒன்று எலிசபெத் ரோ கணவருக்காகப் பாடிய இரங்கற்பா. காதல் பாட்டில் மேய்ப்பனுக்கு வைக்கும் பெயரைச் செத்துப்போன கணவனுக்கு வைத்து, "என் அன்பு அலெக்சிஸ், உன்னைப் பேச எந்த மென்மொழியில் என் நெஞ்சு திறக்கும்?" என்று தொடங்குகிறார். உனக்காக எல்லா இன்பத்தையும் விட்டேன், உனக்காகவே உலகத்தை விட்டு விலகுகிறேன், நம்பிக்கையற்ற ஒரு தீயை நிழலில் இருந்து வளர்ப்பேன் என்று சபதம் செய்கிறார். கன்னிமடத்தில் இருந்தவள் காதலை நினைத்தாள். காதலை இழந்தவள் மடமே இல்லாமல் துறவு பூண்டாள். இரண்டும் ஒரே அட்டைக்குள்.

அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரியிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். பிரித்து வைக்க வேண்டும் என்பதுதானே உங்கள் கட்சி? ரோவின் இந்தப் பாட்டை உங்கள் கையில் கொடுக்கிறேன். காதல் அலமாரியில் வைப்பீர்களா, பக்தி அலமாரியில் வைப்பீர்களா? இடத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.