முதலில் பயிற்சி, பிறகு பொறுப்பு

(சமூகப்பணி மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

1994-இல் புனே நகரில் ஒரே வீட்டில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் பிடிபட்ட ஒருவருக்கு 1998-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2023 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் பதிவேட்டைப் பார்த்தால், சம்பவம் நடந்த அன்று அவருக்கு வயது 12. அதற்குள் அவர் 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்துவிட்டார்.

அந்தக் கொலைகள் கொடியவை. அவற்றை நான் சிறிதும் குறைத்துப் பேச வரவில்லை. என் கேள்வி வேறு. கைது செய்த நாளில் காவல் நிலையத்தில் இருந்த ஒருவர், "இவன் எந்தப் பள்ளியில் படித்தான்?" என்று கேட்டு அந்தப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு மேதைமை ஒன்றும் வேண்டாம். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று யாராவது அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். சிறார் நீதியில் பணியாற்றுகிறவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும், அதை அவர்கள் பெற்றிருக்கிறார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?

இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். 2016 ஜனவரி 15-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 107-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஏ.எஸ்.ஐ. (உதவி சார் ஆய்வாளர்) தரத்துக்குக் குறையாத ஒருவராவது குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும். அவருக்கு அந்த வேலையில் நாட்டமும் தகுந்த பயிற்சியும் இருக்க வேண்டும். மாவட்டந்தோறும் டி.எஸ்.பி. தரத்துக்குக் குறையாத ஒருவர் தலைமையில் சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவு வேண்டும். அதில் இரண்டு சமூகப் பணியாளர்கள், ஒருவர் பெண். இந்தக் காவல் பிரிவில் இருக்கும் காவல் அலுவலர்கள் எல்லாருக்கும், குறிப்பாகப் பொறுப்பு ஏற்கும்போதே, சிறப்புப் பயிற்சி தர வேண்டும்.

நல்ல சட்டப் பிரிவுதான். ஆனால் எத்தனை நாள் பயிற்சி, என்ன பாடம், யார் சோதிப்பது, தேறாவிட்டால் என்ன, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்ற கேள்விகளுக்குச் சட்டத்தில் பதில் இல்லை. சான்றிதழ் என்ற பேச்சே அதில் இல்லை. அதனால் நடப்பது என்ன? நிலையத்தில் ஏற்கெனவே பல பொறுப்புகளைச் சுமக்கும் ஒருவரின் பெயருக்கு எதிரே இதையும் எழுதிவிடுகிறார்கள். பயிற்சி எப்போதாவது வருகிறது. காலையில் தொடங்கி மாலையில் முடியும் கூட்டம், ஒரு கோப்பு, ஒரு பேனா, குழுப் புகைப்படம். அதையும் பெற்றவர் சில மாதங்களில் இடமாற்றமாகி வேறு பிரிவுக்குப் போய்விடுவார். அவரோடு சேர்ந்து பயிற்சியும் போய்விடும்.

சரி, இந்த அலுவலருக்கு அப்படி என்ன தெரிந்திருக்க வேண்டும்? ஒரு பையன் பிடிபட்ட முதல் 24 மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். சட்டமும் மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளும் அந்த நேரத்தில் அடுக்கடுக்காகக் கடமைகளை வைக்கின்றன. லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. அலுவலர் சீருடையில் இல்லாமல் சாதாரண உடையில் இருக்க வேண்டும். பெற்றோருக்கும், பையனின் பின்னணியை விசாரித்து அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் போக வேண்டும். இலவச சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றமாக இருந்தால், அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இருந்தால் மட்டுமே சிறார் மீது எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். மற்றவற்றில் பொது நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். வாழ்நாள் முழுவதும் எஃப்.ஐ.ஆர். போடப் பழகிய ஒருவருக்கு இது கை வராத வேலை. பழகிய கையைத் திருப்ப ஒரு நாள் கூட்டம் போதாது.

வயதும் அப்படித்தான். 94-ஆம் பிரிவு வரிசை சொல்கிறது: முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு (மெட்ரிக்) சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை போன்ற மருத்துவச் சோதனை. பார்வைக்கு வளர்ந்தவனாகத் தெரிகிறான் என்று 19 என எழுதிவிட்டால், அந்த ஓர் எண் அவனைப் பெரியவர்களின் சிறைக்குக் கொண்டுபோகும். புனே வழக்கை அதற்காகத்தான் முதலில் சொன்னேன்.

அப்புறம் 74-ஆம் பிரிவு. சிறாரின் பெயர், படம், பள்ளி எதுவும் வெளியே போகக் கூடாது. முகத்தை மறைத்துவிட்டு ஊர், தெரு, அப்பா பெயர் எல்லாவற்றையும் செய்தியாளருக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் மறைப்பதா? இதையெல்லாம் தேர்வு வைத்துக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

இனி நன்னடத்தை அலுவலர். இந்த அமைப்பு முழுவதிலும் நான் மிக முக்கியமானவராக நினைப்பது அவரைத்தான், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுகிறவரும் அவர்தான். தகவல் கிடைத்த இரண்டு வாரத்துக்குள் அவர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். குழுமம் அந்தப் பையனைப் பற்றி அறிவது பெரும்பாலும் அந்தத் தாள்களின் வழியாகத்தான். அவனை வீட்டுக்கு அனுப்புவதா, சிறார் இல்லத்தில் வைப்பதா, அறிவுரை சொல்லி விடுவதா என்ற முடிவெல்லாம் அந்த அறிக்கையைச் சாய்ந்து நிற்கிறது.

பயிற்சி இல்லாதவர் எழுதும் அறிக்கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "தந்தை குடிப்பழக்கம் உள்ளவர். தீய நண்பர்கள் சேர்க்கை. படிப்பில் ஆர்வம் இல்லை." பையனின் பெயரை மாற்றினால் அடுத்த பையனுக்கும் அதே அறிக்கை பொருந்தும். பயிற்சி பெற்றவர் என்ன செய்வார்? வீட்டுக்குப் போவார். அவன் எந்த வகுப்பில், எந்த மாதம் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான் என்று ஆசிரியரிடம் கேட்பார். நிறுத்தியதற்கு முந்தைய மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று பாட்டியிடம் கேட்பார். அப்பாவின் மரணமோ, அம்மா வேலைக்கு வெளியூர் போனதோ, கடனோ, பள்ளியில் பட்ட அவமானமோ அங்கே கிடைக்கும். அவனைத் திருப்பிக் கொண்டுவரும் வழியும் அங்கேதான் கிடைக்கும். பதற்றத்தில் இருக்கும் ஒரு பதின்ம வயதுப் பையனிடம் எப்படிப் பேசுவது, அவன் மௌனத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பது தனிப் படிப்பு. இன்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் இந்தப் பணியைச் செய்கிறவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் ஆழ்ந்த தேர்ச்சியை எப்படி எதிர்பார்ப்பது? பயிற்சி பற்றிப் பேசும்போது சம்பளத்தையும் பணிப் பாதுகாப்பையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குழுமத்தில் இருப்பவர்களைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு கறாராக இருக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமுள்ள நீதித்துறை நடுவர் ஒருவர், சமூகப் பணி உறுப்பினர்கள் இருவர். அந்த இருவருக்கும் குழந்தைகளுக்கான கல்வி, சுகாதாரம் அல்லது நலப்பணியில் ஏழு ஆண்டு அனுபவம் வேண்டும், அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். நியமித்த 60 நாளுக்குள் நடுவர் உட்பட எல்லாருக்கும் பயிற்சி. இங்கேயும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அந்த 60 நாளில் அவர்கள் முன் நிற்கும் பிள்ளைகளின் கதி என்ன? பயிற்சி முடியும்வரை யாரும் காத்திருக்கப் போவதில்லை.

அதிலும் 15-ஆம் பிரிவு கத்தி மேல் நடப்பது போன்றது. 16 முதல் 18 வயதுக்குள் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளையின் மனத் திறன், உடல் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகியவற்றைக் குழுமம் மதிப்பிட வேண்டும். அதன்பின் அவனைப் பெரியவனைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். இதில் உளவியல் வல்லுநர் உதவியைப் பெறலாம் என்றுதான் சட்டம் எழுதியிருந்தது. குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் குழுமத்தில் இல்லாவிட்டால் அந்த உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அனுபவம் ஒன்றே போதும் என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

சிறார்களை வைத்திருக்கும் இல்லங்களுக்கு வருகிறேன். 'குழந்தைகள் சட்டம்' என்ற பெயரில் இந்தியாவில் முதன்முதலில் சட்டம் இயற்றியது நம் சென்னை மாகாணம், 1920-இல். அந்தப் பெருமை நமக்கு உண்டு. அதே மண்ணில், 2022 டிசம்பர் 31 அன்று, செங்கல்பட்டு அரசு இல்லத்தில் திருட்டு வழக்கில் அடைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான். இல்லத்து ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதன் பிறகு இல்லங்களைச் சீர்திருத்தப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்ட ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு பேருந்தை ஓட்ட உரிமம் கேட்கிறோம். இரவு முழுவதும் இத்தனை பிள்ளைகளின் அறைச் சாவியைக் கையில் வைத்திருப்பவரிடம் ஏன் எதையும் கேட்பதில்லை?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சிறார் நன்னடத்தை அலுவலராக வேண்டுமானால் பட்டப்படிப்பு, பின்னணிச் சரிபார்ப்பு, கட்டாயப் பயிற்சி எல்லாம் வேண்டும். அவற்றுக்குப் பிறகுதான் மாநிலச் சான்றிதழ். தொடர்ந்து படித்து அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், தவறு செய்தால் பறிபோகும். இதைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. அதே டெக்சாஸில் மாநில அரசு நடத்தும் சிறார் காப்பகங்களில் பிள்ளைகளின் அரசியல் சட்ட உரிமைகள் மீறப்படுகின்றன என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க மத்திய அரசின் நீதித் துறை அறிக்கை வெளியிட்டது. ஆகவே சான்றிதழ் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அது வாசற்படி. உள்ளே போதுமான ஆட்களும் கண்காணிப்பும் வேண்டும். ஆனால் நம்மிடம் வாசற்படியே இல்லை.

காவலர்களுக்கு வேலைப்பளு அதிகம், இதையும் எப்படித் திணிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் எல்லாரையும் இழுக்காமல், விரும்பி வருகிறவர்களைத் தேர்ந்தெடுத்து, முழுப் பயிற்சி தந்து, தேர்வு வைத்து, சான்றிதழ் கொடுத்து, குறிப்பிட்ட காலம் அதே பணியில் வைத்திருங்கள் என்கிறேன். இடமாற்றம் செய்தாலும் இன்னொரு நிலையத்தில் அதே பொறுப்புக்கே அனுப்பலாம். கற்றுத்தர ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் 2020 முதல் சம்வாத் என்ற அமைப்பு இந்த வேலைக்கென்றே இயங்குகிறது. நமக்கு ஊனமாஞ்சேரியில் காவலர் பயிற்சியகம் இருக்கிறது, மாநில நீதித்துறைப் பயிற்சியகம் இருக்கிறது. சிறாரோடு பணியாற்றும் காவலருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று ஐ.நா.வின் பெய்ஜிங் விதிகள் 1985-லேயே சொல்லிவிட்டன. காலியிடங்களையும் பயிற்சியின்மையையும் சுட்டி 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் போடப்பட்ட சம்பூர்ணா பெஹுரா வழக்கில் 2018-இல்தான் தீர்ப்பு வந்தது. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

இங்கே இருக்கும் மாணவர்களுக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தைப் பற்றி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். குழந்தைகள் நலக் காவல் அலுவலர் எந்தப் பதவியில் இருப்பவர், எந்தத் தேதியில் பொறுப்பேற்றார், எந்தத் தேதியில் எத்தனை நாள் பயிற்சி பெற்றார், யார் நடத்தினார்கள், பாடத்திட்டத்தின் நகல் என்ன என்று கேளுங்கள். பொறுப்பேற்ற தேதியையும் பயிற்சித் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்ததை மாவட்ட வாரியாகத் தொகுத்து, உயர் நீதிமன்றத்தின் சிறார் நீதிக் குழுவுக்கு அனுப்பி வையுங்கள்.

நன்றி.