கரண்ட் போஸ்ட் வழியே வரும் போட்டி

நேயர்களுக்கு வணக்கம். கேரள-தமிழ்நாடு எல்லையோரம் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் இருந்து கேட்பவர்களுக்கு இன்றைய பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். பழைய தொலைபேசி நிறுவனம் காலூன்றிய ஊருக்குள் புது நிறுவனம் ஒன்று எப்படி நுழைகிறது என்பதுதான் விஷயம்.

ஊருக்கு ஊர் போகும் முதன்மை ஃபைபரை, அதாவது கண்ணாடி இழைக் கம்பியைப் பற்றிப் புது ஆளுக்கு அவ்வளவு கவலை இல்லை. அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். தெருமுனையிலிருந்து வீட்டு வாசல் வரைக்குமான கடைசித் துண்டுதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு தெரு முழுக்கக் கம்பி இழுத்த பிறகு இரண்டே வீடு சேர்ந்தாலும் செலவு அதே செலவுதான்.

அமெரிக்கா இதற்கு 1996-ல் சட்டமே போட்டது. பழைய நிறுவனங்கள் தங்கள் செம்புக் கம்பியைப் போட்டியாளருக்கு வாடகைக்கு விடவேண்டும், எக்ஸ்சேஞ்சுக்குள், அதாவது தொலைபேசி இணைப்பகத்துக்குள், அவர்கள் கருவிகளை வைக்க இடம் தரவேண்டும். கம்பெனி மாறுகிறவர் தன் எண்ணையும் கையோடு எடுத்துப் போகலாம். அப்படிக் கம்பி வாடகைக்கு எடுத்து, கடன் வாங்கி வேகவேகமாக விரிந்த நார்த்பாயிண்ட், ரிதம்ஸ், கோவாட் என்ற மூன்று நிறுவனங்களும் 2001-ல் திவாலானது வேறு கதை.

இங்கேயும் அந்த யோசனை வந்தது. 2004-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. அதே ஆண்டு வந்த பிராட்பேண்ட் கொள்கை அதைக் கட்டாயமாக்கவில்லை. பி.எஸ்.என்.எல்.லின் செம்புக் கம்பி போட்டியாளருக்குத் திறக்காமல் பூட்டியே கிடந்தது.

அப்புறம் யார் உள்ளே வந்தார்கள்? கேபிள் டிவிக்காரர்கள். கேரளத்தில் மின்வாரியமான கே.எஸ்.இ.பி.க்கு வாடகை கட்டி கரண்ட் போஸ்டில் கம்பி கட்டியிருந்தவர்கள் அவர்கள். எந்த வீட்டில் யார் ஒழுங்காகப் பணம் கட்டுவார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கேபிள் ஆபரேட்டர்கள் சங்கமாகச் சேர்ந்து கேரளாவிஷன் என்று கம்பெனியே நடத்துகிறார்கள். 2023 ஜூனில் தொடங்கிய கேரள அரசின் கே-ஃபோன் இணைய வலையும் அதே போஸ்டுகளில்தான் போகிறது. வேடிக்கை என்னவென்றால், பி.எஸ்.என்.எல்.லும் தன் ஃபைபர் இணைப்புக்கு உள்ளூர் ஆபரேட்டர்களைத்தான் கூட்டாளியாக வைத்துக்கொள்கிறது. செம்பைத் திறந்து விடாதவர்கள் இன்று அடுத்தவர் ஃபைபரில் பயணம்.

தொழில்நுட்பம் சிக்கலில்லை. கண்ட்ரோல் ரூமில் ஃபைபரில் ஒளி சிக்னல் அனுப்பும் ஒரு ஓ.எல்.டி. கருவி, அதிலிருந்து கிளம்பும் ஒரே இழையை ஸ்ப்ளிட்டர் என்ற பிரிப்பான் போட்டு 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கலாம். 20 கிலோமீட்டர் வரை எட்டும். கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு எல்லை தாண்டித் தமிழ்நாட்டு ஊர்களுக்கே இணைப்பு கொடுத்துவிடலாம்.

ஆனால் கொடுக்க முடியாது. இணைய உரிமம் மூன்று வகை: ஏ நாடு முழுமைக்கும், பி ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு (பெரும்பாலும் ஒரு மாநிலம் அளவு), சி அதைவிடச் சிறிய பகுதிக்கு. பாலக்காடு கேரள வட்டம், பொள்ளாச்சி தமிழ்நாட்டு வட்டம். பி, சி உரிமம் மட்டும் உள்ள சிறியவரின் கம்பி எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்டோடு நின்றுவிடும். போஸ்டும் அங்கே வேறு மின்வாரியத்துடையது. டவர் சிக்னல் மட்டும் யாரையும் கேட்காமல் எல்லை தாண்டும். இந்த ஏற்பாட்டில் எல்லையோரத் தெருக்கள்தான் இரண்டு பக்கமும் கடைசி வரிசை. லாபக் கணக்கில் இரண்டு பக்கமும் பின்னால் தள்ளப்படுகின்றன.

குரல் விஷயத்தில் இன்னொரு முடிச்சு. வெறும் இணைய உரிமம் வைத்திருப்பவர் சாதாரண லேண்ட்லைன் எண் தரமுடியாது. தொலைபேசிச் சேவைக்கான உரிமம் உள்ள பெரிய நிறுவனத்தோடு சேரவேண்டும். மொபைல் எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்துவிட்டது, லேண்ட்லைனுக்கு அது இல்லை. பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் 04923 என்று தொடங்கும் லேண்ட்லைன் எண்ணைப் பலகையில் எழுதி, பில்லிலும் அச்சடித்த மளிகைக் கடைக்காரர், புது நெட் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பழைய எண்ணை விடமாட்டார். லேண்ட்லைனுக்கும் அந்த வசதியைக் கொடுத்தால் இங்கே போட்டி நிஜமாகவே சூடு பிடிக்கும் என்பது என் கணிப்பு.

அதுவரை, புது இணைப்பு எடுப்பவர்கள் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எண் யாருடைய பெயரில் இருக்கும்? மழைக்காலத்தில் போஸ்ட் சாய்ந்தால் கம்பியை யார் வந்து கட்டுவார்கள், எத்தனை நாளில்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நன்றி, வணக்கம்.