பால்மா தின்ற பிள்ளையின் கேள்வி

(சமயக் கல்வி, பிள்ளை விருத்தி, குடும்ப ஆதரவு ஆகிய மூன்றையும் ஒருங்கே படிக்க வந்திருக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஆற்றிய தொடக்க உரையின் எழுத்து வடிவம்)

அவையில் வீற்றிருக்கும் பேராசிரியர்களே, முன்பள்ளி ஆசிரியைகளே, அறநெறிப் பாடசாலைகளிலிருந்து வந்திருப்பவர்களே, மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கற்பித்தற் பயிற்சியில் இருந்த ஆசிரியை ஒருவரின் பாடத்தை மதிப்பிடுவதற்காக, ஒரு கிராமப் பாடசாலையின் இரண்டாம் தர வகுப்பில் கடைசி வாங்கில் அமர்ந்திருந்தேன். களவெடுத்தல் பாவம் என்பது அன்றைய சமய பாடம். ஆசிரியை நன்றாகவே தயாராகி வந்திருந்தார். படங்கள் இருந்தன, ஒரு சிறு கதை இருந்தது, கதையின் முடிவில் "தினை விதைத்தவன் தினை அறுப்பான், வினை விதைத்தவன் வினை அறுப்பான்" என்பதைப் பிள்ளைகள் ஒரே குரலில் மூன்று முறை சொன்னார்கள். குரல்கள் அடங்கியதும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்று கேட்டாள்: "ரீச்சர், நான் களவாப் பால்மா அள்ளித் திண்டதாலையோ அப்பா செத்தவர்?"

அவளுடைய தந்தை அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு வீதி விபத்தொன்றில் இறந்திருந்தார் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். ஆசிரியை திகைத்துப் போனார். "உப்பிடியெல்லாம் கேக்கப்படாது பிள்ளை, இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் பயிற்சித் தாளைப் பகிர்ந்தளித்தார். பிள்ளை அமர்ந்து, கொடுத்த படத்துக்கு நிறம் தீட்டினாள். என் கையிலிருந்த மதிப்பீட்டுப் படிவத்தில் குரல் வளம், கரும்பலகைப் பயன்பாடு, நேர முகாமை எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன. அந்தக் கேள்வியைப் பதிவதற்கு ஒரு கட்டமும் இருக்கவில்லை. நானும் நல்ல புள்ளிதான் போட்டேன் என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஆசிரியையைக் குறை சொல்வதற்காக இதை நான் எடுத்துரைக்கவில்லை. அவர் சமயத்தை ஓரிடத்திலும் உளவியலை வேறோரிடத்திலும் படித்தவர். குடும்பங்களுக்கு எங்கே எத்தகைய உதவி கிடைக்கும் என்பதை அவருக்கு யாருமே படிப்பிக்கவில்லை. நமது பல்கலைக்கழகங்களிலும் நிலைமை பெரும்பாலும் இதுதான். இந்து நாகரிகமும் இஸ்லாமிய கற்கைகளும் கிறிஸ்தவ கற்கைகளும் ஒரு பக்கம், கல்வியியலும் உளவியலும் இன்னொரு பக்கம், சமூகப்பணியும் சமுதாய மருத்துவமும் வேறொரு பக்கம் என்று தனித்தனி வாசல்கள் வைத்திருக்கிறோம். பிள்ளையோ முழுப்பிள்ளையாக ஒரே வாசலால் வருகிறாள். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தாலொழிய அந்தக் கேள்விக்கு முன்னால் நாம் எல்லோரும் பயிற்சித் தாள் பகிர்கிறவர்களாகவே இருப்போம்.

அந்தக் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதை முதலில் பார்ப்போம். சுவிற்சர்லாந்து உளவியலாளர் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளிடம் ஒரு கதை சொல்லப்படுகிறது. தோட்டத்தில் அப்பிள் திருடிய இரு பிள்ளைகளில் ஒருவன் பிடிபடுகிறான். மற்றவன் தப்பியோடி, ஆற்றின் மேலுள்ள உக்கிய பாலத்தைக் கடக்கும்போது பலகை முறிந்து நீரில் விழுகிறான். அவன் அப்பிள் திருடாமல் அதே பாலத்தால் போயிருந்தாலும் விழுந்திருப்பானா என்று கேட்டபோது, ஆறு வயதை ஒட்டிய பிள்ளைகளில் பெரும்பாலோர் விழுந்திருக்க மாட்டான் என்றார்கள். பலகைக்கே களவு தெரியும் என்பதுதான் அவர்களது உலகம். வயது ஏற ஏற இந்த எண்ணம் தளர்கிறது. இதற்குப் பியாஜே இட்ட பெயரை 'உள்ளுறை நீதி' என்று தமிழில் சொல்லலாம். ஆகவே நாம் வினைப்பயனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாவிட்டாலும், ஏழு வயதுப் பிள்ளை தன் சிறு குற்றத்தையும் வீட்டில் நேர்ந்த பெருந்துன்பத்தையும் தானாகவே முடிச்சுப் போட்டுவிடும். அந்த முடிச்சைச் சமய பாடம் இறுக்கவும் கூடும், அவிழ்க்கவும் கூடும்.

இனி மரணம். புடாபெஸ்ட் நகரப் பிள்ளைகளிடம் மரியா நாஜி நடத்தி 1948இல் வெளியிட்ட ஆய்வு முதலாகப் பலர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இறந்தவர் திரும்ப மாட்டார், உடலின் இயக்கம் முற்றாக நின்றுவிடும், எல்லோரும் ஒருநாள் இறப்பர் என்பவற்றை அநேகமான பிள்ளைகள் ஏறத்தாழ ஐந்துக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட வயதிலேதான் படிப்படியாக உணர்கிறார்கள். "அப்பா நித்திரை கொள்கிறார்" என்று சொல்லி வைத்தால் அந்தப் பிள்ளை இரவில் கண்ணை மூட அஞ்சும். "கடவுள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்" என்றால், நாளைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவாரோ என்று எண்ணும். பெரியவர்கள் ஆறுதலுக்காகச் சொல்லும் வசனம் பிள்ளையின் காதில் முறைப்பாடாகவோ மிரட்டலாகவோ விழுகிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகும் 2009க்குப் பிறகும் வடக்கிலும் கிழக்கிலும் இப்படிப்பட்ட வசனங்கள் எத்தனை வீடுகளில் சொல்லப்பட்டிருக்கும் என்பதை உங்கள் சொந்த ஊர்களை நினைத்துப் பார்த்தாலே அறிந்துகொள்வீர்கள்.

இலங்கையில் இந்த விடயத்துக்கு ஒரு தனி அவசரம் உண்டு. இங்கே சமயம் பாடசாலையின் கட்டாய பாடம், க.பொ.த. சாதாரண தரம் வரைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் படித்தே ஆக வேண்டும். இந்தியாவிலோ, முழுக்க முழுக்க அரச நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை. எது சரி என்று நான் இங்கே வழக்காடப் போவதில்லை. கட்டாயம் என்று வைத்துக்கொண்டவர்கள் அதை எந்த வயதில் எப்படிக் கொடுப்பது என்று கற்றாக வேண்டும் என்பதே என் கட்சி.

நமது மரபில் படிமுறை என்ற எண்ணம் இல்லாமலில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பாலபாடங்களை முதலாவது, இரண்டாவது என்று ஏறுவரிசையில் ஆக்கினார். சிறு வசனங்களில் தொடங்கி நீண்ட கட்டுரைகளுக்கு அவை ஏறுகின்றன. மொழியின் கடினத்தை அளந்து பரிமாறிய அந்தக் கை மிக நுட்பமானது. ஆனால் ஒரு கருத்து எந்த வயது மனத்தில் எப்படித் திரிந்து விழும் என்ற அளவை அவர் காலத்தில் எவரிடமும் இருக்கவில்லை. இன்று நம்மிடம் ஓரளவு இருக்கிறது. அதைக் கையில் எடுக்காதது நமது குறை.

இரண்டு கதைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மூன்று வயதுச் சம்பந்தரைத் தந்தையார் குளக்கரையில் இருத்திவிட்டு நீருக்குள் மூழ்குகிறார். தந்தையைக் காணாத குழந்தை சுற்றுமுற்றும் பார்த்து, சீர்காழிக் கோயிலின் தோணிச் சிகரத்தை நோக்கி அம்மே, அப்பா என்று அழுகிறது. பிள்ளை விருத்தியின் முதலாண்டு விரிவுரையில் பிரிவுத் துயர் என்று நீங்கள் படிக்கப் போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அழுத குழந்தைக்குப் பால் கிடைக்கிறது; பிறகு, பால் தந்தது யார் என்று கோலோங்கிக் கேட்கும் தந்தைக்கு அது அஞ்சாமல் மேலே சுட்டிக் காட்டிப் பாடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதை தன் கதை.

மற்றையது சிறுத்தொண்டர். அடியாருக்கு விருந்தளிக்கத் தன் ஒரே மகன் சீராளனை அறுத்துக் கறி சமைத்த தந்தை. கற்றவர் இதில் பற்றறுத்தலின் உச்சத்தைக் காண்பர், நானும் காண்கிறேன். இரண்டாம் தரப் பிள்ளையோ இதைத் தந்தையின் பக்கத்தில் நின்று கேட்பதில்லை, சீராளனின் இடத்தில் இருந்து கேட்கிறது. 'எங்கள் வீட்டுக்குச் சாமியார் வந்தால் அப்பா என்னையும் வெட்டுவாரா' என்பதே அதன் ஐயம். இது சைவத்துக்கு மட்டும் உரிய இடர் அல்ல. இஸ்லாம் பாடத்தில் இப்ராஹீம் நபியின் தியாகத்தையும், கத்தோலிக்க, கிறிஸ்தவ பாடங்களில் ஆபிரகாமையும் ஈசாக்கையும் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதே கேள்வியைத்தான் எதிர்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தக் கற்கையை ஒரு சமயத்துக்குள் அடைத்துவிடாமல் எல்லோரும் ஒரே வகுப்பில் இருந்து படிக்க வேண்டும் என்கிறேன். சேக்கிழார் இக்கதையின் முடிவில், அழைத்ததும் சீராளன் பள்ளியிலிருந்து ஓடி வருபவனைப் போல வந்தான் என்று பாடுகிறார். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரியிலிருந்தே முழுக் கதையையும் தொடங்கிக் கற்பிக்கலாம். ஏழு வயதில் அது வேண்டாம்.

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 14ஆம் உறுப்புரை, பிள்ளையின் சிந்தனை, மனச்சாட்சி, சமய சுதந்திரத்தை அரசு மதிக்க வேண்டும் என்கிறது. பெற்றோர் வழிகாட்டும் உரிமையையும், பிள்ளையின் வளர்ந்துவரும் ஆற்றலுக்கு ஒத்த முறையில், ஏற்றுக்கொள்கிறது. "வளர்ந்துவரும் ஆற்றலுக்கு ஒத்த முறையில்" என்ற அந்தச் சொற்றொடருக்குள் உங்கள் பாடத்திட்டத்தின் பாதி அடங்கிவிடும்.

மூன்றாவது பகுதியான குடும்ப ஆதரவைப் பலர் தருமம் என்று மயங்குகிறார்கள். ஒரு சிறுவர் இல்லத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். வெளிநாட்டிலுள்ள யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்காக அன்று மதிய உணவு. இலைகள் போடப்பட்டு, சோறும் கறிகளும் பரிமாறப்பட்டுவிட்டன. பிள்ளைகள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு தேவாரங்கள் பாடினார்கள், பிறகு நன்கொடையாளருக்கு வாழ்த்துப் பாடினார்கள், பிறகு படம் பிடிக்கும் வரையில் காத்திருந்தார்கள். ஒரு சிறுவன் பப்படத்தை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். நாடு முழுவதிலும் இத்தகைய இல்லங்களில் இருப்போர் பலரின் நிலை இதுதான். வறுமையும் பாடசாலைத் தூரமும் தாயின் வெளிநாட்டு வேலையும் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. ஒரு நாள் விருந்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பிள்ளை தன் அம்மம்மாவின் வீட்டிலேயே எத்தனை நாள் இருக்கலாம் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவரே குடும்ப ஆதரவைப் படித்தவர்.

அரசும் சில வேளைகளில் ஆதரவு என்று சொல்லித் தடையைப் போட்டதுண்டு. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறையின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்ல அப்போது முடியாதிருந்தது. தகப்பனிடம் அப்படி ஓர் அறிக்கை கேட்கப்படவில்லை. பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்பது விருத்தி உளவியலில் இருந்து எடுத்த கருத்துத்தான். ஆனால் அடுப்பெரிய வழி காட்டாமல் அதை மட்டும் சட்டமாக்கினால், சுமை முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் இறங்கும்.

நம்மிடம் நல்ல முன்மாதிரியும் உண்டு. வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தரைப் பாருங்கள். குழந்தையின் நிறையை அட்டையில் குறிக்கிறார், திரிபோஷா சத்துமா கிடைத்ததா என்று கேட்கிறார், பேச்சோடு பேச்சாக அந்த வீட்டின் நிலையையும் அறிந்துகொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு நடத்தும் தொண்டர் ஆசிரியையும் வாரந்தோறும் அதே பிள்ளைகளைக் காண்கிறார்; எந்தப் பிள்ளை திடீரென்று பேசாமல் போயிற்று என்பது பாடசாலையைவிட அவருக்கு முன்னதாகத் தெரியக்கூடும். அவர் யாரிடம் போக வேண்டும், எதை இரகசியமாக வைக்க வேண்டும், எதை மறைக்கவே கூடாது, 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை எப்போது அழைக்க வேண்டும் என்பவை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குற்றம் செய்தவர் ஆலயத்திலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ மதிப்போடு இருப்பவராக இருந்தாலும் அழைக்க வேண்டும். இதைச் சொல்லத் தயங்கும் சமயக் கல்வியோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பெண்பிள்ளைக்கு என்ன விடை சொல்லியிருக்க வேண்டும் என்று இடைவேளையில் என்னிடம் கேட்டீர்கள். "இல்லை பிள்ளை. நீ பால்மா தின்றதற்கும் அப்பா இறந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்று முதலில், உடனே, தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். வினைக் கோட்பாட்டின் நுட்பங்கள் பத்து ஆண்டுகள் காத்திருக்கலாம். அதன் பிறகு அவள் பக்கத்தில் சிறிது நேரம் இருந்து, மாலையில் தாயைச் சந்தித்து, தேவைப்பட்டால் உளவளத்துணையாளரிடம் வழிப்படுத்தியிருக்க வேண்டும்.

உங்களது முதல் ஒப்படையை இப்போதே தந்துவிடுகிறேன். அடுத்த இரண்டு வாரங்களில் ஒரு முன்பள்ளியிலோ அறநெறி வகுப்பிலோ, உரிய அனுமதி பெற்றுக்கொண்டு, ஓரமாக அமருங்கள். கடவுளைப் பற்றியும் இறப்பைப் பற்றியும் பாவத்தைப் பற்றியும் பிள்ளைகள் கேட்கும் பத்துக் கேள்விகளை அவர்களுடைய சொற்களிலேயே எழுதி வாருங்கள். எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். பிள்ளைகளின் பெயர்களைக் குறிக்க வேண்டாம். விடைகளையும் எழுத வேண்டாம். கேள்விகள் மட்டும் போதும்.