ஐம்பதிலும் வளையும்

அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

வாசகர் மன்றத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அவையைக் கட்டிப்போட்ட பேராசிரியர் அம்மையார் அவர்களே, எத்தனையோ பணிகளுக்கு நடுவே வந்திருக்கும் நூலகத் துறை அலுவலர் பெருமக்களே, முன்வரிசையில் புத்தகமும் கையுமாக அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அவர்களை அழைத்து வந்த பெற்றோர்களே! இளையோருக்கான நாவலைப் பற்றிப் பேச வயதில் மூத்த ஒருவர்தான் வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக நின்றாராம். அந்தப் பிடிவாதத்துக்கு என் முதல் நன்றி. அலுவலர் பெருமக்கள் கடைசிவரை இருந்து கேட்க வேண்டுகிறேன். என் கோரிக்கையே அவர்களிடம்தான்.

எந்த மேடை ஏறினாலும் நான் சொல்லும் பழமொழி உங்களுக்குத் தெரியும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? இதைப் பலரும் தீர்ப்பாகச் சொல்கிறார்கள். எனக்கு அது கேள்வி. அதற்கு ஒரு நாவலை வைத்து விடை சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நாவல், அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’. அதன் கதை, அதன் மாந்தர்களின் நிறம், அதன்மேல் ஒட்டப்பட்ட வயதுச் சீட்டு என்று மூன்று செய்திகளைச் சொல்ல நினைக்கிறேன்.

கதை இதுதான். கான்ட் தீவில் ஆடு மேய்க்கும் கெட் என்ற சிறுவனுக்கு மந்திரம் கைகூடுகிறது. ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். உடன் படிப்பவன் ஒருவன் சீண்ட, வீம்புக்காக இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். திறந்த பிளவு வழியே ஒரு நிழல் பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அன்றிலிருந்து அது அவனைத் துரத்துகிறது.

இள வயதில் படிப்பவர்கள் கெட்டின் தோளில் ஏறிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓட வேண்டிய வயது அது. நான் தலை நரைத்த பிறகு படித்தேன். என் கண் வேறிடத்தில் நின்றது. அந்தப் பிளவை மூடத் தன் உயிரையே செலவழித்து இறந்துபோகிறாரே தலைமை மந்திரவாதி நெம்மர்ல், அவரிடம் நின்றது. ஒரு பையனின் செருக்குக்கு ஒரு கிழவர் விலை கொடுக்கிறார். கதை அவரை இரண்டு பக்கத்தில் கடந்துவிடுகிறது, என்னால் கடக்க முடியவில்லை. ஆகியன் என்ற குரு இருக்கிறார். மழை பெய்தாலும் மந்திரத்தால் விலக்காமல் நனைந்துகொண்டு படுத்திருப்பவர். பெற்ற மகன்போல நேசிக்கும் சீடனிடம், என்னோடு இருப்பதும் ரோக்குக்குப் போவதும் உன் விருப்பம் என்று விட்டுவிடுகிறார். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் பெற்றோருக்கு அந்தப் பக்கம் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வள்ளுவர் சொன்னாரே, ‘தீயவை செய்தார் கெடுதல் நிழல்தன்னை வீயாது அடிஉறைந் தற்று’ என்று! அந்த நிழல் இங்கே எழுந்து நடக்கிறது. ஆனால் லெ குவின் இன்னோர் அடி வைக்கிறார். ஓடாதே, திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார் ஆகியன். கடைசியில் கடலுக்கு அப்பால் கெட் அதைத் தன் பெயராலேயே அழைத்துத் தழுவிக்கொள்கிறான்.

இப்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். இந்தப் புத்தகத்தை எடுக்க ஒரு நூலகத்துக்குப் போனேன். இளையோர் பகுதியில் இருந்தது. மேசையில் நீட்டினேன். “பேரனுக்கா?” என்றார் அங்கிருந்தவர். “எனக்குத்தான்” என்றேன். “பெரியவர்கள் அட்டைக்கு இந்தப் பகுதிப் புத்தகம் கொடுக்க முடியாதுங்க” என்றார். விதிப் புத்தகத்தையே எடுத்துக் காட்டினார். அவர் மேல் தவறில்லை, விதி அப்படி. எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு பையன், பன்னிரண்டு வயதிருக்கும். எட்டிப் பார்த்தான். “தாத்தா, அந்தப் புத்தகமா? என் அட்டையில் எடுத்துத் தர்றேன்” என்றான். “ஆனா ஒண்ணு, படிச்சிட்டு முடிவு உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு சொல்லணும்.” வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள், மேசைக்காரரும் சேர்ந்துதான்! புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அவன் எனக்காகக் காத்திருந்தான். “கெட் ஜெயிச்சிட்டான்ல தாத்தா?” என்றான். “ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லைப்பா, முழுசாயிட்டான்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்ப நான் இன்னொரு தடவை படிக்கணும்” என்று சொல்லி, புத்தகத்தை மறுபடியும் தன் பேரிலேயே பதிந்துகொண்டு போனான். அன்று எங்கள் இருவரில் வளைந்தது யார்? ஐந்தா, ஐம்பதா? இரண்டுமே வளைந்தது. ஒரே அலமாரியில் கை வைத்ததால் வளைந்தது.

அலுவலர் பெருமக்களே, வயதுச் சீட்டை எதிர்ப்பது என் ஒருவனின் பிடிவாதம் அல்ல. 2008இல் பிரிட்டனில் பதிப்பாளர்கள் சிறுவர் நூல்களின் அட்டையில் வயதை அச்சிட முனைந்தபோது, பிலிப் புல்மன் உள்ளிட்ட எழுத்தாளர்கள் திரண்டு எதிர்த்தார்கள். ஹாரி பாட்டர் முதல் நாவலுக்கு 1998லேயே பெரியவர்களுக்கென்று தனி அட்டைப்படம் போட்டார்கள். உள்ளே ஒரு வரியும் மாறவில்லை! மறைத்துக்கொண்டு படிக்கும் நிலைமைக்கு வளர்ந்தவர்களைத் தள்ளியது எது?

லெ குவினையே பாருங்கள். 1972இல் மூன்றாம் நூலோடு எர்த்ஸீ முடிந்தது என்றுதான் உலகம் நினைத்தது. 1990இல், தம் அறுபதாவது வயதில், ‘தெஹானு’வோடு திரும்பி வந்தார். அதில் நாயகி கணவனை இழந்த நடுவயதுப் பெண். கெட் மந்திர ஆற்றலை இழந்து வந்து நிற்கிறான். படைத்தவரே வளைந்திருக்கிறார். அந்த முதல் நூலைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த நான்காம் நூல் எந்த அலமாரியில் இருக்க வேண்டும்? இளையோர் பகுதியிலா, பெரியோர் பகுதியிலா?

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் தோழன் வெட்ச் கருநிறத்தவன். 1968இல் ஆங்கிலக் கற்பனை நாவலில் அது அரிது. 2004இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் கெட்டை வெள்ளையனாக்கியதை லெ குவின் வெளிப்படையாகவே கண்டித்தார். இதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

இன்று கேட்பது ஒன்றுதான். வயதைப் பார்த்துப் புத்தகத்தை மறுக்கும் விதி பெரியவர்களுக்கு வேண்டாம். இளையோர் பகுதி இருக்கட்டும், அதன் வாசலில் காவல் வேண்டாம். மாதத்தில் ஒரு மாலை, ஒரே நாவலை இரு தலைமுறையும் உட்கார்ந்து பேச நூலகத்தில் ஓர் இடம் ஒதுக்குங்கள். கோரிக்கை மனு அரங்கின் வாசலில் மேசைமேல் இருக்கிறது. மாணவச் செல்வங்கள் முதலில் கையெழுத்திடுங்கள், உங்கள் பெயருக்குக் கீழே எங்கள் பெயர்கள் வரட்டும். அலுவலர் பெருமக்கள் இன்றே அதைக் கையோடு எடுத்துச் செல்லும்படி கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.