வழி சொன்னவர்கள்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஜப்பானியரின் அசைபடங்களை அனிமே என்கிறோம், படக்கதைகளை மாங்கா என்கிறோம். வாசகர் வட்டக் கூட்டத்தில் அவற்றுக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். நான் அந்தக் கதைகளைப் பற்றிப் பேச வரவில்லை. இணையம் பிறந்த புதிதில் அவற்றைத் தேடி அலைந்தவர்களைப் பற்றியும், தேடி வந்தவர்களுக்கு வழி சொன்னவர்களைப் பற்றியும் பேசப்போகிறேன். நூலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் பட்டியல் போட்டவன் நான். அதனால் இது எனக்கு என் சொந்த ஜாதிக்காரர்களைப் பற்றிப் பேசுவது மாதிரி. பட்டியல் போடுகிறவர்கள் என்கிற ஜாதியைச் சொல்கிறேன்.

2002ஆம் வருடம் என் தம்பி மகன் ஒரு கேள்வி கேட்டான். தொலைக்காட்சியில் டிராகன் பால் இசட் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பி, "பெரியப்பா, இது மொத்தம் எத்தனை பகுதி? எப்போ முடியும்?" என்றான். எனக்குத் தெரியவில்லை. நூலகத்தில் இருந்த எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. மறுநாள் மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மணிக்கு 25 ரூபாய். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் கிடைத்தது. 291 பகுதிகள். ஒவ்வொன்றின் ஜப்பானியத் தலைப்பு, அதன் ஆங்கில அர்த்தம், ஜப்பானில் ஒளிபரப்பான தேதி. 1989 ஏப்ரலில் தொடங்கி 1996 ஜனவரியில் முடிகிறது. ஒரு தலைப்பு விடாமல், ஒரு எண் பிசகாமல் வரிசையாக இருந்தது. அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பையனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு வேறொரு கேள்வி பிறந்தது: இந்தப் பட்டியலை யார் உட்கார்ந்து போட்டார்கள்? அவர்களுக்கு என்ன கிடைத்தது?

பதில் தேடினால் கதை அமெரிக்காவுக்குப் போகிறது. 1977இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ரசிகர்கள் சிலர் கூடி கார்ட்டூன் ஃபேண்டஸி ஆர்கனைசேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். வீட்டில் வைத்துப் பதிவு செய்யும் வீடியோ ரெக்கார்டர் அப்போதுதான் வந்திருந்தது. ஜப்பானில் இருந்த ரசிகர்களோடு தபாலில் கேசட் மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கத் தொடர்கள் ஜப்பானுக்குப் போயின, அனிமே அமெரிக்காவுக்கு வந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு தொழில்நுட்பச் செய்தி உண்டு. ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி என்ற ஒரே ஒளிபரப்பு முறையில் இருந்தன. டோக்கியோவில் பதிவு செய்த கேசட் லாஸ் ஏஞ்சல்ஸில் அப்படியே ஓடும். நம் நாடும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் பால் (PAL) என்ற வேறு முறை. அந்தக் கேசட்டை இங்கே கொண்டுவந்து போட்டிருந்தால் சாதாரணப் பெட்டியில் படம் ஒழுங்காக வந்திருக்காது. அமெரிக்காவில் இந்த ரசனை வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேசட் வந்தது, மொழி வரவில்லை. சப்டைட்டில் கிடையாது. ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல, மற்றவர்கள் பார்த்தார்கள். அப்படி ஒருவர் கிடைக்காத ஊரில் ஊகம்தான்.

1980இல் இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே யூஸ்நெட் ஓடத் தொடங்கியது. பொருள்வாரியாகப் பிரித்த செய்திக் குழுக்கள். நீங்கள் எழுதியது உங்கள் கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று கைமாறிக் கைமாறிப் போகும். பல இடங்களில் கட்டணம் குறைவான இரவு நேரத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகப் போகும். எழுத்து மட்டும்தான். படத்தை உயிராக நினைத்தவர்கள் படமே காட்ட முடியாத ஓரிடத்தில் கூடினார்கள்! 1980களின் பிற்பகுதியில் ரெக்.ஆர்ட்ஸ்.அனிமே என்ற குழு அங்கே சுறுசுறுப்பாக இருந்தது. பல்கலைக்கழக மாணவர்களும் கணினி நிறுவன ஊழியர்களுமே அதிகம். புதிதாக வருகிறவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒரு பதில் தொகுப்பு செய்து, அதைத் திருத்தித் திருத்தித் திரும்பத் திரும்ப வெளியிட்டார்கள். எந்தத் தொடர் எங்கே கிடைக்கும், எந்தக் கடை தபாலில் அனுப்பும், இந்தச் சொல்லுக்கு என்ன பொருள். நூலகத்தின் விசாரணை மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், ஒரே கேள்வியை நூறாவது தடவை கேட்கும்போதும் முதல் தடவை போலப் பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்று.

நான் மிகவும் மதிக்கிற வேலை ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

மாங்காவை வருடி, அதாவது ஸ்கேன் செய்து, படமாக அனுப்ப அன்றைய இணைப்பு வேகத்தில் முடியாது. அதனால் மொழிபெயர்ப்பை மட்டும் வெறும் எழுத்துக் கோப்பாக அனுப்பினார்கள். பக்கம் 12, கட்டம் 3, இன்னார் பேசுவது இது. அடுத்த கட்டம், கதவு சாத்தும் ஓசை. இப்படி ஒரு முழுத் தொகுதிக்கும் எழுதுவார்கள். படிக்கிறவர் நியூயார்க்கிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ இருக்கும் ஜப்பானியப் புத்தகக் கடையில் அசல் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கியிருப்பார். இடது கையில் புத்தகம், வலது கையில் அச்செடுத்த தாள்கள். கண் இங்கும் அங்கும் போய்ப் போய் வரும். அனிமேக்கும் இதே முறைதான்: கேசட் ஓடும், மடியில் வசனத்தாள் இருக்கும். நம்மில் பழைய உரையாசிரியர்களைப் படித்தவர்களுக்கு இந்தப் படிப்பு அந்நியமாகத் தெரியாது. மூலம் ஓரிடத்தில், உரை ஓரிடத்தில், இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது படிக்கிறவன் பாடு. உரை எழுதியவர் மூலத்தைத் தொடவில்லை. அசலை வாங்கினால்தான் உரை பயன்படும். மொழிபெயர்ப்பு அனுமதி பெற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஆசிரியருக்கு ஒரு பிரதியின் பணமாவது போய்ச் சேர்ந்தது.

ஜப்பானிய எழுத்து யூஸ்நெட்டில் சுலபமாகப் போகாது. ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும். நெடிலை எப்படிக் காட்டுவது என்று நீண்ட சண்டைகள் நடந்தன. சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் நம்மவர்கள் ழகரத்துக்குப் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதே பாடு. வலைத்தளங்கள் வந்த பிறகும் சரியான குறியேற்றம் இல்லாவிட்டால் திரை முழுக்கக் கிறுக்கலாக வரும். ஜப்பானியர் அதற்கு மோஜிபாகே என்று பெயரே வைத்திருக்கிறார்கள். எழுத்து உருமாறிப்போவது என்று பொருள். நாம் இருபது எழுத்துரு வைத்துக்கொண்டு அனுபவித்தோம், பெயர் வைக்கவில்லை.

1993இல் மொசைக் உலாவி வந்ததும் படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் அமர்ந்தன. 1995இல் அனிமே வெப் டர்ன்பைக் தொடங்கியது. ரசிகர்கள் சுருக்கமாக அனிபைக் என்பார்கள். எந்தத் தொடருக்கு எங்கெங்கே பக்கம் இருக்கிறது என்று மனிதக் கையால் வகை பிரித்துத் தொகுத்த இணைப்புப் பட்டியல் அது. கூகுள் வருவதற்கு மூன்று வருடம் முன்னால். நூலக அட்டைப் பட்டியலை நெஞ்சில் சுமக்கிற எனக்கு அதைப் பார்த்தபோது கை கூப்பத் தோன்றியது. ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தில் பக்கங்களைப் பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். அதில் டோக்கியோ என்ற பேட்டையில் அனிமேக்காரர்கள் குடியேறினார்கள். தனக்குப் பிடித்த ஒரே ஒரு பாத்திரத்துக்காக ஒருவர் கட்டும் பக்கத்தைக் கோயில் என்றே அவர்கள் ஆங்கிலத்தில் அழைத்தார்கள். ஒரு பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்துக்கு வழி, அதன் அடியில் அதற்கடுத்ததற்கு, சுற்றி வந்தால் புறப்பட்ட இடம். அதற்கு வெப்ரிங் என்று பெயர். தெருவில் வழி கேட்டால் கூடவே நாலு எட்டு நடந்து வந்து காட்டிவிட்டுப் போவார்களே, அந்தக் குணம் அதில் இருந்தது.

இந்தப் பக்கங்கள் பொழுதுபோக்கு மட்டும்தானா? சேலர் மூன் என்ற அனிமே தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தது. ஜப்பானில் முதல் பருவம் 46 பகுதி. அமெரிக்காவில் அதை 40 ஆக்கினார்கள். கடைசி இரண்டு பகுதிகளில் நாயகியின் தோழிகள் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக உயிரை விடுகிறார்கள். அமெரிக்கப் பதிப்பில் இரண்டையும் ஒன்றாக ஒட்டி, அவர்கள் சிறைபிடிக்கப்பட்டதாகச் சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி ரசிகர் பக்கத்துக்குப் போனால், மூலத்தில் என்ன நடந்தது என்று காட்சி காட்சியாக எழுதியிருக்கும். தனக்குக் காட்டப்பட்டது முழுமையானதல்ல என்று அவள் முதல் தடவையாகத் தெரிந்துகொள்கிறாள். இரண்டாம் பருவத்தின் நடுவழியில், மொத்தம் 65 பகுதியோடு தொடர் நின்றபோது, இணையத்தில் கூடிய ரசிகர்கள் சேவ் அவர் சேலர்ஸ் என்று இயக்கம் நடத்திப் பல்லாயிரம் கையெழுத்துத் திரட்டினார்கள். 1998இல் தொடர் கார்ட்டூன் நெட்வொர்க்குக்கு வந்து மீண்டும் ஓடியது. கையெழுத்து மட்டுமே காரணம் என்று சாதிக்க மாட்டேன். சிதறிக் கிடந்த ரசிகர்களின் தலையை எண்ணிக் காட்டியது இணையம் என்று சொல்லலாம்.

ரசிகர்களே போட்ட சப்டைட்டிலுக்கு ஃபேன்சப் என்று பெயர். லேசர் டிஸ்கிலிருந்து வரும் படத்தின் மேல் அமிகா கணினியின் எழுத்தை ஜென்லாக் என்ற கருவியால் ஏற்றி, கேசட்டில் பதிவார்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் நேரம் பிடிக்க வேண்டும். யாரிடம் எந்தத் தொடர் இருக்கிறது என்ற விவரம் இணையத்தில் இருக்கும். காலிக் கேசட்டும் திரும்ப அனுப்பத் தபால் செலவும் வைத்து அனுப்பினால், பதிந்து அனுப்புவார்கள். பிரதிக்குப் பிரதி எடுக்க எடுக்கப் படம் மங்கும். விற்பனைக்கல்ல, வாடகைக்கல்ல என்று திரையிலேயே போட்டிருக்கும். ஒரு தொடரை அமெரிக்க நிறுவனம் முறைப்படி வாங்கிவிட்டால் விநியோகத்தை நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. பலர் காத்தார்கள், சிலர் மீறினார்கள்.

2000க்குப் பிறகு கேசட் போய்க் கோப்பு வந்தது. ஒரு பகுதி சுமார் 175 எம்பி. ஏன் அந்த அளவு? 700 எம்பி குறுந்தகட்டில் நான்கு அடங்க வேண்டும். 56 கிலோபிட் மோடத்தில், முழு வேகம் கிடைத்தாலும் ஒரு பகுதிக்கு ஏழு மணி நேரம். ஐஆர்சி அரட்டை அறைகளில் வரிசையில் நின்று வாங்கினார்கள். 2001இல் பிட்டாரன்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை வந்தது. வாங்குகிறவரே கிடைத்த துண்டுகளை மற்றவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். வேகம் வந்தது. ஆனால் கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவர் பெயரை ஒருவர் அறியவேண்டிய தேவை அன்றோடு குறைந்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

2004 டிசம்பரில் மீடியா ஃபேக்டரி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் வழக்கறிஞர்கள், தங்கள் படங்களை விநியோகிப்பதை நிறுத்தும்படி ரசிகர் குழுக்களுக்கும் அனிமேசுகி என்ற இணைப்புத் தளத்துக்கும் கடிதம் அனுப்பினார்கள். சட்டம் அவர்கள் பக்கம், அதில் எனக்கு ஐயமே இல்லை. மாங்காவை முழுதாக வருடிப் போட்டு விளம்பரப் பணம் பார்த்த தளங்களை இந்தப் பழைய உரைக்காரர்களோடு ஒரே தட்டில் வைக்கவும் மாட்டேன். அத்தகைய தளங்களை 2010இல் 36 ஜப்பானியப் பதிப்பகங்கள் அமெரிக்கப் பதிப்பகங்களோடு சேர்ந்து எதிர்த்தன. ஒன் மாங்கா தளம் அந்தக் கோடையிலேயே தன் பக்கங்களை எடுத்துவிட்டது. ரசிகர்கள் பதிவேற்றியதை வைத்து 2006இல் தொடங்கிய கிரஞ்சிரோல், 2009 ஜனவரியில் உரிமை பெற்று, ஜப்பானில் வந்த ஒரு மணி நேரத்துக்குள் நருட்டோ ஷிப்புடென் தொடரை இணையத்தில் காட்டத் தொடங்கியது. இன்றைய பிள்ளைகளுக்கு அதுதான் உலகம்.

2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடினார்கள். டோக்கியோ பேட்டை, அதிலிருந்த கோயில்கள், எல்லாம் ஒரே நாளில். ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் மூடுவதற்கு முன்பே ஓடி ஓடி நகலெடுத்து, 600 ஜிபிக்கு மேல் காப்பாற்றினார்கள். அனிபைக் பின்னாளில் புதுப்பிப்பார் இல்லாமல் நின்று, இல்லாமலே போனது. அதன் பழைய நகல்கள், வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கின்றன.

1990களின் பிற்பகுதி நகல் ஒன்றை வாசல் பக்கத்துக் கணினியில் திறந்து வைத்திருக்கிறோம். பாதி இணைப்புகள் திறக்காது, பொறுமையாக அழுத்துங்கள். காட்டித் தருவதற்கு அங்கே என் தம்பி மகன் உட்கார்ந்திருக்கிறான். அவன் பக்கத்தில் ஒரு பழைய கோப்பு இருக்கும். 2002இல் நான் அச்செடுத்த தாள்கள்தான், 291 பகுதி. பார்த்து முடித்ததற்கெல்லாம் பென்சிலில் குறி போட்டு வைத்திருக்கிறான். 107இல் நிற்கிறது. ஏன் நின்றது என்று அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தேநீர் வெளியே தயாராக இருக்கிறது.